சிவந்த பேரிக்காய்

1975 ஆகஸ்ட் 8 – 84 கிலோ – ரூ. 50.40
1976 ஆகஸ்ட் 13 – 91 கிலோ – ரூ. 59.15
1977 ஆகஸ்ட் 12 – 88 கிலோ – ரூ. 61.60
1978 ஆகஸ்ட் 11 – 86 கிலோ – ரூ. 64.50
1979 ஆகஸ்ட் 10 – 52 கிலோ – ரூ. 41.60
1980 ஆகஸ்ட் 8 – 47 கிலோ – ரூ. 42.30
1981 ஆகஸ்ட் 14 – 45 கிலோ – ரூ. 45.00

கிளியூர் காளியாயி ஏற்காடு கடைவீதிப் பழ டிப்போவில் போட்ட பேரிக்காயின் எடையும், அதற்கு அவர் பெற்றுக்கொண்ட தொகையும் இவை. எடை பார்த்து எழுதிய டிப்போ ரைட்டர் நான். 1979இல் எடை சரிந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் அந்த வருடம் மரம் காய்க்கவில்லை என்று நினைக்கக்கூடும். மரங்கள் வழக்கம்போலத்தான் காய்த்தன. அந்த வருடம் முதல் காளியாயி காயில் பாதியை விற்காமல் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வேகவைத்துப் பார்த்தார். வெந்தால் சிவக்கிற பழத்தை மனிதர் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் தேவைப்பட்டது. அந்தப் பதில் கிடைக்காமல் அவரால் மகள் வீட்டுக்குப் போக முடியவில்லை.

காளியாயியும் அவர் கணவர் வெள்ளையனும் இந்த மலைக்காரர்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏழு பேரி மரங்கள், கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, மழை பார்த்து சாமையோ ராகியோ. அவர்கள் மரத்துக் காய் கல்மாதிரி இருக்கும். கடித்தால் பல்லில் மணல் நறநறப்பதுபோல் இருக்கும். ஏரி பார்க்க வருகிறவர்கள் ஒன்று வாங்கி, ஒரு கடி கடித்துவிட்டுப் படகுத்துறை ஓரம் எறிந்துவிட்டுப் போவார்கள். அதை எப்படித் தின்பது என்று மலையில் உள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டாக வகுந்து, நடுவிலுள்ள விதையை எடுத்துவிட்டு, ஈயம் பூசிய பித்தளைக் குண்டாவில் போட்டு, சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறும் தண்ணீரும் விட்டு, காப்பிக் குச்சித் தணலில் மூடி வைக்க வேண்டும். முதலில் வெள்ளையாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஓரம் மட்டும் வெளிர்ச்சிவப்பாகும். இறக்கி, மூடியைத் திறக்காமல் தணலோரத்திலேயே ஆறவிட்டால், செம்பருத்தி இதழைக் கசக்கிய நிறம் வந்துவிடும். அந்த வீட்டில் சிவப்பு என்றால் வெந்துவிட்டது என்று பொருள். வெள்ளையாக இருப்பதைக் குழந்தை கையில் கொடுக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், மல்லிகா. எட்டாவது வரை படித்தாள். கடைவீதியில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்த தங்கராஜ் என்ற பையனை அவளே பார்த்துக்கொண்டாள். பையனுக்குச் சேலம் அம்மாபேட்டை. வீட்டை ஒட்டியே அவர்களுக்குச் சாயப்பட்டறை இருந்தது. மலைப்பெண் வேண்டாம் என்று அவன் அம்மா மாரியம்மாள் ஆறு மாதம் பிடிவாதமாக இருந்து, பிறகு சம்மதித்தார். 1977 தையில் கல்யாணம். தங்கராஜ் மெஸ்ஸை விட்டுவிட்டு அம்மாபேட்டைக்கே திரும்பினான்.

மறு வருடம் மல்லிகா உண்டானாள். ஆவணியில், 1978 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை, காளியாயி கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் போடுகிற வழக்கம் அது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு எல்லாம் இருந்தன. மல்லிகா கேட்டனுப்பியது அவற்றில் எதையும் அல்ல. வேகவைத்த பேரிக்காயைத்தான் கேட்டிருந்தாள்.

அங்கே நடந்ததைக் காளியாயி அடுத்த வெள்ளிக்கிழமை டிப்போவில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மாரியம்மாள்தான் குண்டாவின் மூடியைத் திறந்திருக்கிறார்.

"ஏனுங்க சம்பந்தி, இது என்னங்க?"

"பேரிக்காயுங்க. புள்ள ஆசப்பட்டா."

"பேரிக்காய் வெள்ளையில்லீங்களா?"

"வெந்தா செவக்குமுங்க."

"கண்ணாலமாயி வந்த நாள்ல இருந்து சாயத்தொட்டிக்குப் பக்கத்துலயே சோறாக்கறனுங்க. எது வெந்தா செவக்கும்னு எங்கிட்டச் சொல்றீங்களா?"

பக்கத்திலிருந்த தங்கராஜின் சின்னம்மா ஒருத்தி சிரித்திருக்கிறாள். "மலையிலயும் பட்டறை போட்டுட்டாங்களாட்டம் இருக்குதக்கா."

மல்லிகா அதற்குள் ஒரு துண்டைக் கையில் எடுத்திருந்தாள். மாரியம்மாள் அதை மெதுவாகப் பிடுங்கி, அவள் விரல்களைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். அந்தச் சாக்கடையில் பட்டறைச் சாயத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்துச் சிவப்புச் சாயம்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுதுங்க ரைட்டரே," என்றார் காளியாயி. "எனக்கே பிரிச்சுப் பாக்க முடியலீங்க. அந்தம்மா என்ன பண்ணும்?"

மாரியம்மாள் பொல்லாதவர் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாயம் தொட்ட கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவாமல் அவர் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. பட்டறைத் தண்ணீர் தெறித்தது என்று ஒரு பானைக் குழம்பையே கொட்டியவர். வயிற்றுப்பிள்ளைக்காரி கையில் சிவப்பைப் பார்த்ததும் அவர் செய்தது, தன் மகளாக இருந்தாலும் செய்திருக்கக்கூடியதுதான்.

1978 நவம்பரில் மல்லிகாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. காளியாயி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது பேரிக்காய்க் காலம் முடிந்திருந்ததால் ஆரஞ்சு கொண்டு போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆடியில் காய் முற்றத் தொடங்கியதும் காளியாயிக்கு நிலைகொள்ளவில்லை. சிவப்புதானே சம்பந்திக்கு ஆகவில்லை, வெள்ளையாகவே வேகவைத்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். அதற்காக எடுத்துவைத்த காய்தான் மேலே 1979இல் குறைந்திருக்கிறது.

எலுமிச்சையை விட்டுவிட்டார். கொதி வந்த கொஞ்ச நேரத்தில் இறக்கினார். சர்க்கரை பாதிதான் போட்டார். அதற்கு மேல் போட்டால் அரைவேக்காட்டுக் காயில் ஏறவில்லை. இறக்கியவுடன் குண்டாவைச் சுனைத்தண்ணீரில் அமிழ்த்திக் குளிரவைத்தார். காய் சங்கு மாதிரி வெள்ளையாக வந்தது. வெள்ளையன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"வேகலியே."

"வெந்தா செவந்துருமில்ல? செவந்தா அந்தம்மா கொட்டிப்போடும்."

"அப்ப வேகாததத் தின்னச் சொல்றயா? நல்ல சம்பந்தம் போ."

காளியாயி அதைக் காதில் வாங்கவில்லை. இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைத்தார். அதை எடுத்துப்போக வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த தங்கராஜ் சனிக்கிழமைதான் வந்தான். டப்பா பஸ்ஸில் இருபது வளைவும் இறங்கிச் சேலத்து வெயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் திறக்கப்பட்டது. திறக்கும்போது சோடா பாட்டில் மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். சாற்றில் சின்னச் சின்ன நுரை. மாரியம்மாள் வெள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இதுதான் பேரிக்காய்," என்று சொல்லி, மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் தானே நாலு துண்டு சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தியும் பேதியும். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னதாகத் தங்கராஜ் வந்து சொன்னான்: "செவப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். மலையில இருந்து திங்கற பண்டம் ஒண்ணும் இந்த ஊட்டுப் படி ஏற வேண்டாம். சம்பந்தி வரட்டும், போகட்டும். கையில ஒண்ணும் வேண்டாம்."

காளியாயியை வர வேண்டாம் என்று மாரியம்மாள் சொல்லவே இல்லை. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தாய் வெறுங்கையோடு போகிற வழக்கம் இந்த மலையில் கிடையாது. ஒரு படி சாமையாவது, நாலு கொய்யாக்காயாவது கையில் இருக்க வேண்டும். பூவும் துணியும் கொண்டு போகலாமே என்று கேட்டேன்.

"பூவ வச்சுக்குவா, துணியக் கட்டிக்குவா. பெத்தவ போறது திங்கக் குடுக்கத்தானுங்க," என்றார். அத்துடன் அம்மாபேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அதன்பின் தாயும் மகளும் சந்தித்தது சேலம் பஸ் நிலையத்தில்தான். பட்டறை வேலையை விட்டுவிட்டு மல்லிகாவை மலைக்கு அனுப்ப மாட்டார்கள்; மாமியாருக்குத் தெரியாமல் வெளியில் வைத்துத் தின்ன அவளும் சம்மதிக்கவில்லை. தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை. நாள் குறித்து நான் கார்டு எழுதிப் போடுவேன். மல்லிகா பையனைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஏற்காடு பஸ் நிற்கும் இடத்தில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசுவார்கள். ஒரு ஆடியில் நானும் வேலையாகச் சேலம் போயிருந்தேன், அருகில் நின்றேன். காளியாயி கையில் மடித்த காலிப் பை ஒன்று இருந்தது. கையில் எதுவும் இல்லாமல் நிற்க அவருக்கு முடியவில்லை.

"இந்த வருசம் வேகவச்சியாம்மா?" என்றாள் மல்லிகா.

"வச்சேன் கண்ணு."

"செவந்துதா?"

"நல்லாச் செவந்துது."

"எந்த மரத்துக் காயி?"

"மேல் வரப்பு மரம். நீ ஏறி உழுந்தியே, அது."

"அப்பன் தின்னாரா?"

"அது திங்காம? பாதி உங்கப்பனுக்குத்தான்."

பையன் பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் ஊதியதும் காளியாயி ஏறினார், பின்னால் நானும். மூன்றாவது வளைவு வரைக்கும் அந்தப் பையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

1980இலும் 1981இலும் அவர் விடாமல் செய்து பார்த்தார். இப்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. குண்டா பித்தளை என்பதால் சிவக்கிறதோ? மண்சட்டியில் வைத்தார், சிவந்தது. அலுமினியத்தில் வைத்தார், சிவந்தது. என் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனார். அதிலும் சிவந்தது, கொஞ்சம் வெளிறலாக. ஈயம் பூசியதில்தான் நிறம் ஆழம். எலுமிச்சை விட்டால் கூடுதல் சிவப்பு, விடாவிட்டால் குறைவு. வெள்ளக்கடைப் பக்கம் ஒட்டு மரத்தில் காய்த்த மெதுப் பேரிக்காயை வாங்கி வேகவைத்தார். அது கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. அதை அனுப்பினால் என்ன என்றேன்.

"அவ கேட்டது அது இல்லீங்களே," என்றார்.

வெந்ததையெல்லாம் வெள்ளையன் ஒருவரே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. "ரைட்டரே, என் ரத்தத்த எடுத்துப் பாத்தா பேரிக்காச் சாறுதான் இருக்கும்," என்று டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் ஆகலைங்கறதுக்கு நான்தான் சாட்சி. ஆனா என்னயக் கொண்டுபோயி சம்பந்தி ஊட்டு வாசல்ல நிறுத்தவா முடியும்?"

1982 ஆகஸ்டில் பழம் பதப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வண்டி ஒன்று ஏற்காட்டுக்கு வந்தது. கமலா என்ற அம்மையார் மூன்று நாள் ஜாம், ஸ்குவாஷ் செய்து காட்டினார். காளியாயி இரண்டாம் நாள் ஒரு கூடைக் காயோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். நானும் பின்னால் இருந்தேன்.

"ஏனுங்கம்மா, வெந்தா பழம் செவக்குது. அது விசமுங்களா?"

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து வகுந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். "துவர்ப்பு இருக்குதுங்களா? அந்தத் துவர்ப்புதான் சிவக்குது. காயில நிறமில்லாம இருக்கிற ஒரு சத்து, புளிப்பும் சூடும் சேர்ந்தா சிவப்பா மாறிடும். நேரம் கூடக்கூட, மெதுவா ஆற ஆற, நிறம் கூடும். சில சாதிப் பேரிக்காய்ல இது நடக்கும், சிலதுல நடக்காது. தாராளமாச் சாப்பிடலாம்."

"பித்தளையிலயுங்களா?"

"ஈயம் இருக்கிற வரைக்கும் சரி. ஈயம் தேஞ்சு பித்தளை தெரிஞ்சா, எலுமிச்சை பட்டுக் களிம்பு ஏறும். அதுதான் ஆகாது."

காளியாயி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு டப்பாவில் அடைத்து அனுப்பிய வெள்ளைக் காயைப் பற்றிக் கேட்டார், யாரோ மூன்றாம் மனிதர் செய்ததைக் கேட்பதுபோல. அரைவேக்காடு, பாதிச் சர்க்கரை, டப்பாவில் மூன்று நாள், சேலத்து வெயில், திறக்கும்போது சத்தம், நுரை.

"அது கெட்டுப்போனதுங்க," என்றார் கமலா. "பொங்கினா, நுரைச்சா, புளிச்ச வாடை அடிச்சா, மேல பூஞ்சை பிடிச்சாக் கொட்டிடணும். நிறம் வெள்ளையா இருக்குதேன்னு நம்பவே கூடாது. யார் செஞ்சாங்க அப்படி?"

"எங்க ஊர்ல ஒரு பைத்தியக்காரி," என்றார் காளியாயி.

அன்று மாலையே நான் மல்லிகாவுக்கு எழுதினேன். கமலா சொன்னதை ஒன்றுவிடாமல், இன்ன தேதியில், இன்ன இடத்தில், யார் சொன்னது என்று குறித்து, நான்கு பக்கம். மல்லிகா அதை மாமியாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மாரியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "காயிதத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்குது. என் வயிறு காயிதம் படிக்காதே," என்றாராம். மல்லிகாவின் பதிலில் அந்த வாக்கியம் மட்டும் இருந்தது. கீழே, அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்வதற்கு அதிகம் இல்லை. காளியாயிக்குத் தான் சரி என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு காத்திருப்பது முன்னைவிடக் கடினமாக இருந்தது என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். ஆடி வரும், காய் முற்றும், ஒரு குண்டா வேகவைப்பார். பஸ் நிலையத்தில் மகள் கேட்பாள், செவந்துதா என்று. பையன் அம்மா தோளுக்கு வளர்ந்தான். வெள்ளையனுக்கு மரம் ஏற முடியாமல் போயிற்று. காளியாயிக்குக் கண்ணில் புரை விழுந்தது. குண்டாவைத் திறந்து, "பாருங்க, செவந்துருச்சா?" என்று கணவரைக் கேட்கத் தொடங்கினார். "செவந்துருச்சு, செவந்துருச்சு," என்பார் வெள்ளையன், சில சமயம் பார்க்காமலேயே.

1991இல் மாரியம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, அடுப்படியை மருமகளிடம் விட வேண்டியதாயிற்று. அதுவரை அந்த வீட்டில் மல்லிகா எதை வேகவைப்பது என்பதை மாரியம்மாள்தான் முடிவு செய்தார். ஆவணி பாதியில் மல்லிகா சந்தையிலிருந்து ஏற்காட்டுப் பேரிக்காய் ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறாள். மாமியார் திட்டவில்லை. முக்காலியை அடுப்பருகே போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, "பாத்திரத்த நான் கழுவித் தாறேன். சர்க்கரைய என் கண் முன்னால போடு. நடுவுல எந்திரிச்சுப் போகாத," என்றிருக்கிறார்.

அதை மல்லிகா எழுதிய கடிதம் வந்தபோது காளியாயி டிப்போவில்தான் இருந்தார். காய் போட வந்திருந்தார். நான் உறையைக் கிழித்துப் படித்தேன்.

"அம்மா, எவர்சில்வரில்தான் வைத்தேன். அத்தை ரெண்டு மணி நேரமும் நகரவில்லை. சிவக்க ஆரம்பித்ததும் கரண்டியில் தண்ணீரை எடுத்து வெள்ளைத்துணியில் விட்டுப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டினார்கள். சாயம் போட்டால் மேலே ஏறி, நடுவிலே வெளுத்து நிற்குமாம். இது நடுவரைக்கும் ஒரே நிறம். 'வெளிய இருந்து ஏத்துன நெறம் இல்ல, உள்ள இருந்தே வந்திருக்குது' என்று சொன்னார்கள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தின்றார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. காலையில் எழுந்து, இன்னொரு துண்டு இருக்குதா என்றார்கள்.

அம்மா, உன்னை வரச் சொன்னார்கள். கையில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் வைத்தது உன் ருசி வரவில்லை. பையனுக்குப் பதிமூன்று ஆகப்போகிறது, இன்னும் நீ வைத்ததைத் தின்றதில்லை. மேல் வரப்பு மரத்துக் காயாகப் பார்த்து எடுத்துக்கொள்."

படித்து முடித்தேன். காளியாயி தராசுத் தட்டில் இருந்த காயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டு வரச் சொன்ன எடத்த மட்டும் இன்னொருக்காப் படிங்க," என்றார்.

படித்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் படித்தேன். அதற்குப் பிறகு, தட்டில் இருந்த காயைக் கூடையில் திரும்பப் போடத் தொடங்கினார். கண் தெரியாததால் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தே போட்டார். எடை போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

"நொம்ப நாளாச்சுங்க," என்றார். "அந்த ஊட்டு வாசல்ல எத்தன படின்னே மறந்துபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் காளியாயியும் வெள்ளையனும் போனார்கள். குண்டாவை வெள்ளையன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்களே போவதும் வருவதுமாக இருந்ததால் அந்த வீட்டுக்கு நான் கார்டு எழுத வேண்டியிருக்கவில்லை, மல்லிகாவும் எழுதவில்லை. அவளிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் அதுதான். அது டிப்போவுக்கு வந்து சேர்ந்த தேதி, 1991 செப்டம்பர் 12, வியாழக்கிழமை.